ஏழாம் எண் சீரம்

நவம்பர் 6, திங்கள்

கல்லூரியில் கைடு மேடம் இன்று எனக்கு ப்ராஜெக்ட் ரெக்கார்டு நோட்டு கொடுத்தார். கெட்டி அட்டை, நீளத் தாள். யாரும் கிழித்துவிடக் கூடாது என்று பக்கங்களுக்கு எண் அச்சடித்திருக்கிறது.

"தப்பா எழுதிட்டா வொயிட்னர் போடக் கூடாது. கிறுக்கி மறைக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழ இருக்கறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி. புரியுதா?"

தலையாட்டினேன்.

"வாயத் திறந்து சொல்லு மாரீஸ்வரி."

"புரியுது மேடம்."

அந்த நோட்டில் எழுத முடியாததை எழுதுவதற்காக இந்த டைரியை வாங்கினேன். போன வருடத்து டைரி என்பதால் கடைக்காரர் குறைத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கும் கிழமைகள் பொருந்தவில்லை. தலைப்பில் நானே எழுதிக்கொள்கிறேன்.

ப்ராஜெக்ட் இதுதான். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஈரலைத் தின்பது. அது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை, கடைக் கிட்டு இல்லாமல் நாங்களே குறைந்த செலவில் தயாரிக்க வேண்டும். பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். அதைக் குழியில் விடுவோம். வைரஸின் புரதம் இருந்தால் கடைசியில் குழி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதை மெஷின் எண்ணாகச் சொல்லும். நோய் இல்லாதவர்களுக்கு வரும் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தால் நோய் உண்டு. கீழே வந்தால் இல்லை.

நவம்பர் 8, புதன்

நோய் இல்லாதவர்களுக்கு எங்கே போவது? எங்கள் டிபார்ட்மெண்டில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பத்து மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுப்பார்கள். பத்துச் சீரத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்தக் கலவைதான் 'நெகட்டிவ்'. முதல் வருடமே எல்லோரும் மூன்று டோஸ் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அதனால் தனித்தனியாகச் சோதிப்பதில்லை.

"ஊசி போட்ட பிள்ளைங்களுக்கு எங்கேயிருந்து வரும்? கிட்டை வேஸ்ட் பண்ண வேண்டாம், கடைசி ஒப்பீட்டுக்கு வேணும்" என்றார் மேடம்.

யாருடைய ரத்தம் எது என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காகச் சீட்டுக் குலுக்கி எண் எடுப்போம். எனக்கு ஏழு வந்தது.

எனக்கு ரத்தம் எடுத்தது ஜெபஸ்லின். தூத்துக்குடிப் பெண், என் அறைத்தோழி. டிபார்ட்மெண்டில் நான் முழு வாக்கியம் பேசுவது அவளிடம் மட்டும்தான்.

"ஏட்டி, நரம்பையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருக்க? வாய் மாதிரியே அதுவும் வெளிய வர மாட்டேங்குது."

மூன்றாவது குத்தில் கிடைத்தது.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

ஊரில், சத்திரப்பட்டியில் இருக்கிறேன். அம்மாவின் கண் மஞ்சளாக இருக்கிறது. முதலில் மஞ்சள் தேய்த்துக் குளித்ததால் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்தேன். வாசலுக்குக் கூட்டிப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன்.

"எத்தனை நாளா?"

"எது?"

"கண்ணு."

"அது கெடக்கு. ராஜபாளையத்து டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. ஈரலுக்கு ரத்தம் பாக்கணுமாம், மதுரைக்கிப் போங்கன்னு. அங்க போனா ஒரு வாரம் அலைய விடுவாகத்தா. கம்பெனியில ஆர்டர் நிக்குது."

அம்மா பேண்டேஜ் கம்பெனியில் வேலை செய்கிறாள். துணியை உருளையில் சுற்றுவது, வெட்டுவது, கட்டுவது. பதினெட்டு வருடமாக. தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தும் முடியில் வெள்ளைத் தூசி இருந்தது.

"நீதான் அதையே படிக்கியே. நீயே பாரு" என்றாள். "உன் படிப்பு எனக்கு எப்ப ஆகும்?"

ஊசியும் குழாயும் பையில்தான் இருந்தன. (ஏன் கொண்டுவந்தேன்? தெரியவில்லை. போன முறையே கண்ணைப் பார்த்திருந்தேனோ என்னவோ.) அம்மா நாற்காலியைத் தெருவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போடச் சொன்னாள். பக்கத்து வீட்டு முத்துமாரி அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஏ முத்துமாரி, வந்து பாரு. எம் பொண்ணு ஊசி போடுறா."

"வலிக்கலயாக்கா?"

"அவ போட்டா வலிக்குமா?"

குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தி வைத்தேன். எடுத்ததும் மறுபடி கசிந்தது. மறுபடி அழுத்தினேன். பத்து நிமிடம் ஆனது. கடைசியில் அம்மா தன் கம்பெனிப் பேண்டேஜையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை ஈரல்தான் தயாரிக்கிறது என்று இரண்டாம் செமஸ்டரில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்பா வெடிக்கடையிலிருந்து ஒரு சிறிய கட்டுச் சரம் வாங்கிவந்தார். யாரும் வெடிக்கவில்லை.

நவம்பர் 16, வியாழன்

தட்டில் பன்னிரண்டாம் வரிசை காலியாக இருந்தது. அம்மாவின் சீரத்தை அங்கே மூன்று குழிகளில் விட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. ரெக்கார்டில் பெயருக்குப் பதில் 'அ' என்று மட்டும் எழுதினேன்.

பத்துப் பேர் கலவை: 0.28. இரண்டு மடங்கு: 0.56.
அ: 0.49.

கீழே. கொஞ்சம்தான் கீழே, ஆனால் கீழே. மூன்று குழியிலும் ஏறக்குறைய அதே எண்.

இல்லை. அம்மாவுக்கு இல்லை. பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து தட்டைக் கழுவினேன்.

மேடம் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "கலவை ஏன் இவ்வளவு வருது? 0.10க்குக் கீழ இருக்கணும். வெறும் பஃபர் கரைசல் விட்ட குழி சுத்தமா இருக்கு பாரு. சீரம் விட்ட எடத்துலதான் ஒட்டுது. உன் கை சரியில்ல மாரீஸ்வரி. நல்லாக் கழுவு."

நவம்பர் 26, ஞாயிறு. கார்த்திகை

அம்மாவுக்குப் பேப்பர் வேண்டுமாம். வாயால் சொன்னால் போதாதாம். பாதித் தாளில் எழுதினேன்: 'பெயர்: குருவம்மாள். வயது 46. ஹெபடைட்டிஸ் பி: இல்லை.'

"கையெழுத்துப் போடு. டாக்டர் போடுற மாதிரி."

"நான் டாக்டர் இல்லம்மா."

"எனக்கு நீதான். போடு."

போட்டேன். தேதியும் போட்டேன். அம்மா அதை நான்காக மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்தாள். மதுரைக்குப் போகலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்று ஒரு தடவை சொன்னேன். காதில் வாங்காமல் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

கலவை 0.27.

டிசம்பர் 13, புதன்

பால் பவுடர் மாற்றினேன். தட்டில் சீரம் தேவையில்லாமல் ஒட்டாமலிருக்க முதலில் பால் பவுடர் கரைசலால் பூசுவோம். மளிகைக் கடைப் பவுடரில் கொழுப்பு அதிகம் என்று ஜெபஸ்லின் வேறு வாங்கிவந்தாள். ஐந்து முறைக்குப் பதில் எட்டு முறை கழுவினேன். 0.29.

டிசம்பர் 20, புதன்

0.28. மற்றவர்களுக்கு முன்னால் மேடம் சொன்னார்: "சில பேருக்குப் பைப்பெட் பிடிக்கிற கையே அமையாது. அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

என் கையைப் பார்த்தேன். அம்மாவின் கை மாதிரிதான் இருக்கிறது. விரல் நுனிகள் மட்டும் வேறு.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

அம்மா கரும்பைக் கடித்துவிட்டுத் துப்பினாள். சக்கையில் ரத்தம். "பல்லு ஆடுது" என்றாள். ஒரு பல்லும் ஆடவில்லை, நான் பார்த்தேன்.

முத்துமாரி அக்கா வந்திருந்தாள். "யக்கா, ஆளு கரைஞ்சு போய்ட்டியே. ஒரு எட்டு மதுரைக்கிப் போய்ட்டுத்தான் வாயேன்."

அம்மா உள்ளே போய் ரேஷன் கார்டு கவரை எடுத்து வந்து தாளைப் பிரித்துக் காட்டினாள். மடிப்பு நைந்திருந்தது. பல பேருக்குக் காட்டியிருக்கிறாள்.

"ஒண்ணுமில்லன்னு எம் பொண்ணே எழுதிக் குடுத்திருக்கா. அவளை விட அங்க யாரு என்னத்தைப் பாத்துரப் போறாக?"

முத்துமாரி அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்குத்தா" என்றாள்.

ஜனவரி 30, செவ்வாய்

0.28. இன்னும் எட்டு வாரத்தில் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். ஜெபஸ்லினுடையது முடிந்துவிட்டது. அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஏட்டி, எல்லாத்தையும் மாத்திட்ட. பாலை மாத்தின, பஃபரை மாத்தின, தட்டை மாத்தின. அந்தக் கலவையை மட்டும் மாத்தவேயில்லையே."

"அதுல என்ன? நாமதானே."

"அதான் சொல்லுதேன். எவ பீரியட்ஸ்ல இருந்தாளோ, எவ காய்ச்சல்ல இருந்தாளோ. பத்தையும் தனித்தனியாப் போட்டுப் பாரு. ஃபிரீசர்ல மிச்சம் இருக்குல்ல?"

இருக்கிறது. ஒவ்வொரு எண்ணிலும் கொஞ்சம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பத்தையும் தனித்தனியாகப் போட்டேன்.

1: 0.07
2: 0.06
3: 0.07
4: 0.08
5: 0.06
6: 0.07
7: 2.14
8: 0.07
9: 0.06
10: 0.07

ஏழாம் குழியை மெஷினில் வைப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிட்டேன். மற்றவை தண்ணீர் போல இருந்தன. அது மட்டும் தனியாக, தட்டின் நடுவில், மஞ்சளாக.

ஏழு யாருடையது என்று இப்போது நினைவில்லை. சீட்டுகளை அன்றே தூக்கிப் போட்டுவிட்டோம்.

பிப்ரவரி 7, புதன்

எதையும் மூன்று முறை செய்து பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. அதுதான் முறை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

இரண்டாம் முறை. ஏழு: 2.09.

ஏழு இல்லாமல் ஒன்பதை மட்டும் கலந்தேன். 0.07. மூன்று மாதமாக வராத எண் ஒரே நாளில் வந்தது. மேடம் என் தோளைத் தட்டினார். இதுவரை அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. "பாத்தியா, கை அமைஞ்சிருச்சு. என்ன பண்ணின?"

"ஒரு சாம்பிள் கெட்டுப்போயிருந்தது மேடம். ரத்தம் உடைஞ்சு. எடுத்துட்டேன்."

"எந்த நம்பர்?"

"ஏழு."

"யாரோ சரியா எடுக்கல போல" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, சனி

ஒரு விஷயம் இப்போதுதான் புரிந்தது. ஏழு தனியாக 2.14 என்றால் பத்தில் ஒரு பங்காகக் கலந்தாலும் கலவை இன்னும் அதிகமாக மஞ்சளாகியிருக்க வேண்டும். ஏன் 0.28 மட்டும் வந்தது? மற்ற ஒன்பது பேருக்கும் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. அவர்கள் ரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் பொருள்கள் ஏழின் வைரஸ் புரதத்தைப் பிடித்துப் பெரும்பகுதியை மறைத்துவிட்டன. மறைக்க முடியாமல் மிஞ்சியதுதான் 0.28. அந்த அளவு மட்டும் அதிகமாக இருந்திருந்தால் நவம்பரிலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். ஒன்பது பேரும் தெரியாமலே ஏழாம் எண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தடுப்பூசி போடுவதற்கு முன்பே வைரஸ் உள்ளே இருந்தால் ஊசி ஒன்றும் செய்யாது. பிறக்கும்போதே, அம்மாவிடமிருந்து வந்திருந்தால். தேர்வில் இதுவும் வந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

0.07இன் இரண்டு மடங்கு 0.14.

அ 0.49.

பிப்ரவரி 14, புதன்

மூன்றாம் முறை செய்ய ஏழில் சீரம் போதவில்லை. எனவே முடிவு சொல்ல முடியாது.

பிப்ரவரி 18, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிடுவது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்.

"அம்மா, அந்தப் பேப்பர்..."

"அது பத்திரமா இருக்குத்தா. நேத்துக்கூட சூப்பர்வைசரம்மா வாங்கிப் பாத்தாக. எங்க வீட்டுப் பிள்ளையும் இதே படிக்க வெக்கணும்னாக. நீ எப்ப முடிப்ப?"

"ஏப்ரல்ல."

"முடி. முடிச்சிட்டு வா. எனக்கு ஒண்ணுமில்ல, வயிறுதான் கொஞ்சம் உப்புசமா இருக்கு. அதுக்குக் கடையில மாத்திர வாங்கிப் போட்டேன். நீ என்ன சொல்ல வந்த?"

"சும்மாதான்."

எழுதி வைத்திருந்த தாளில் நான்கு வரிகள். நான்கையும் படிக்க அரை நிமிடம் ஆகாது.

சொன்னால் தாள் தவறு என்றாகும். எப்படித் தவறாயிற்று என்று கேட்பாள். ஏழாம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிக்கை கொடுக்க ஆறு வாரம் இருக்கிறது. கொடுத்துவிட்டுச் சொல்லலாம். இத்தனை வருடம் இருந்தது, ஆறு வாரத்தில் என்ன ஆகிவிடும்.

மார்ச் 4, திங்கள்

இரண்டாம் அத்தியாயம் தட்டச்சு முடிந்தது.

மார்ச் 11, திங்கள்

மூன்றாம் அத்தியாயம். 'ஏழாம் மாதிரி ரத்த அணுக்கள் சிதைந்திருந்ததால் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. ஜெபஸ்லின் பிழை பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். என்னைப் பார்க்காமலே, "ஏழு நான் எடுத்ததுட்டி. மூணு குத்து. சீரம் தெளிவா, தண்ணி மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து என் சோற்றுத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். எப்போதும் செய்வதுதான். இன்று வேண்டுமென்றே செய்தாள்.

மார்ச் 16, சனி

அப்பா போன் செய்தார். அப்பா போன் செய்வதில்லை. "உங்கம்மா வேலைக்குப் போகலத்தா" என்றார். பஸ் ஏறிவிட்டேன்.

அம்மாவின் கைகால்கள் குச்சி. வயிறு மட்டும் எட்டு மாதம் போல முன்னால் நிற்கிறது. சேலையை மேலே தூக்கிக் கட்டியிருந்தாள்.

"கம்பெனியில எல்லாரும் கேலி பேசுறாளுக. குருவம்மாக்கா, இந்த வயசுலயா, அண்ணனைச் சும்மா சொல்லக் கூடாதுங்காளுக" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "ஏழாம் மாசம் வளைகாப்புன்னு சொல்லி, பேண்டேஜ்லயே வளையல் செஞ்சு போட்டு விட்டுட்டாளுக."

கையில் நிஜமாகவே பேண்டேஜ் துணியில் முறுக்கிய வளையல் ஒன்று கிடந்தது.

மார்ச் 18, திங்கள்

மதுரை, பெரிய ஆஸ்பத்திரி. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சிறிய அட்டையில் விட்டார்கள். இரண்டு கோடு வந்தால் நோய் உண்டு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கோடு.

டாக்டர் வயதில் இளையவர், களைத்திருந்தார். "இதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தீங்களாம்மா?"

அம்மா ரேஷன் கார்டு கவரைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தாளைப் பிரித்து மேஜையில் வைத்துத் தடவி நிமிர்த்தினாள்.

"நவம்பர்ல பாத்தது சார். ஒண்ணுமில்லன்னு வந்துச்சு."

"எந்த லேப்?"

"எம் பொண்ணு சார். இவதான்."

டாக்டர் தாளைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார். "சில நேரம் தப்பா வர்றதுண்டும்மா."

"அவ தப்பாப் பாக்க மாட்டா சார். நீங்க உங்க அட்டைய இன்னொரு தடவ பாருங்க."

அவர் இன்னொரு அட்டையை எடுத்துப் பிரித்தார். அதற்கு அவசியமே இல்லை. அம்மா மறுபடி விரலை நீட்டினாள். இரண்டு கோடு. அம்மா அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தாளை எடுத்து முன்பு போலவே நான்காக மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டாள்.

ஸ்கேனில் ஈரல் சுருங்கியிருக்கிறது. வலது பக்கம் ஒரு கட்டி. வராண்டாவில் டாக்டரைப் பின்தொடர்ந்து போய், "நவம்பர்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். நானாக ஒரு அந்நியரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"கட்டி அப்பவே இருந்திருக்கும். ஆனா இவ்வளவு நீர் கோத்திருக்காது. மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம். ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்." பிறகு, "வீட்டுல மத்தவங்களுக்கும் பாக்கணும். நீங்க பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு."

"நெகட்டிவ்தானே?"

தலையாட்டினேன்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி சொல்லியிருந்தால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 20, புதன்

அப்பாவுக்கு எடுத்தார்கள். ஒரு கோடு. இல்லை.

மார்ச் 29, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். பாட்டிலில் அது மஞ்சளாக, தெளிவாக இருந்தது. சீரம் போல. மூன்று நாளில் மறுபடி கோத்துக்கொண்டது.

வார்டில் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் இருப்பவரின் காலில் பேண்டேஜ் கட்டியிருந்தார்கள். அம்மா எட்டி விரலால் தடவிப் பார்த்து, "நம்ம ஊர்த் துணிதான். கரை பாத்தாலே தெரியும்" என்றாள். நர்ஸ் சரியாகச் சுற்றவில்லையாம். கட்டிலில் படுத்தபடியே எப்படிச் சுற்ற வேண்டும் என்று காற்றில் காட்டினாள்.

ஏப்ரல் 29, திங்கள்

வைவா. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"பிப்ரவரி வரைக்கும் 0.28. அப்புறம் 0.07. என்ன செஞ்சீங்க?"

"ஒரு சாம்பிளை நீக்கினேன் சார். ரத்தம் உடைஞ்சிருந்தது."

"பத்தையும் தனித்தனியாப் போடணும்னு தோணிச்சே, அது நல்ல யோசனை. நிறைய பேருக்குத் தோணாது."

துறையிலேயே அதிக மார்க். மேடம் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார். என் லட்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். அம்மாவுக்கு இனிப்பு வேண்டாம் என்றுவிட்டார்கள். கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள். "எம் பொண்ணு பஸ்ட்டு."

மே 21, செவ்வாய்

இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்கத் தூக்கம். முழிக்கும்போது சில நேரம் தெளிவு, சில நேரம் கம்பெனிப் பேச்சு.

இன்று மத்தியானம் தெளிவாக இருந்தாள். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"மாரி. இது பிள்ளைகளுக்கு வருமாம்ல?"

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. வார்டில் சொல்லியிருப்பார்கள்.

"சில பேருக்கு."

"பெறக்கும்போதே வந்துருமாம்ல?" மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்தாள். "நாந்தான் உனக்குக் குடுத்துட்டனா?"

"இல்லம்மா."

"பாத்தியா?"

"பாத்தேன். இல்ல."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கேலிக்குச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பிறகு தூங்கிவிட்டாள்.

ஜூன் 7, வெள்ளி

காலை ஆறரை மணிக்கு.

ஜூன் 22, சனி

பதினாறாம் நாள் காரியம். கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வளைகாப்புக் கேலி செய்தவள் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி மட்டும் சாப்பிடாமல் கடைசி வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 8, திங்கள்

அப்பா ரேஷன் கார்டில் பெயர் நீக்கப் போவதற்காகக் கவரைக் கொட்டினார். தாள் விழுந்தது. எல்லா மடிப்பிலும் கிழிந்திருந்ததால் அம்மா உள்பக்கம் பேண்டேஜ் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒட்டியிருக்கிறாள். மதுரையில் டாக்டர் மேஜையில் பிரித்தபோது அந்தப் பிளாஸ்திரி இல்லை.

"இந்தா, உன் கையெழுத்து" என்று அப்பா நீட்டினார். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

ஜூலை 10, புதன்

சான்றிதழ் வாங்க டிபார்ட்மெண்டுக்குப் போனேன். மேடத்தின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே புதிதாக வந்த மாணவி என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அவள்தான் தொடரப் போகிறாள். அடுத்த வாரம் பத்துப் பேரிடம் ரத்தம் எடுப்பார்களாம்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றார் மேடம். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"மேடம், அந்த நோட்டுல ஒரு திருத்தம் இருக்கு."

"இப்பவா? மார்க் போட்டாச்சே."

"ரெண்டு திருத்தம்."

அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். 'ஏழு: ரத்தம் உடைந்த சாம்பிள்' என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'நோய் உண்டு. மாரீஸ்வரி' என்று எழுதினேன். பிறகு பதினான்காம் பக்கம். 'அ: இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு. 'உண்டு. குருவம்மாள், என் தாய். ஜூன் 7 அன்று இறந்தார்.' கையெழுத்து, தேதி.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். 0.28, 0.49, 0.07 மேலெல்லாம் அவர் விரல் போய் நின்றது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்காமல் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பத்துப் பேரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டாம் என்று சொன்னது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்த மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதல்ல பத்தையும் தனித்தனியாப் பாத்துருங்க" என்று அவளிடம் சொன்னேன். "யாருக்காவது வந்தா அவங்ககிட்டயே சொல்லிருங்க. அன்னிக்கே."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே வந்துவிட்டேன். இதனால் யாருக்கும் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. மதுரை டாக்டரிடம் என்னைப் பற்றியும் சொல்லிவிட்டேன்; நாளை என் ஈரலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு ஜெபஸ்லின் தூத்துக்குடியிலிருந்து வருகிறாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மாவின் தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பிளாஸ்திரி மேட்டில் பேனா ஒரு இடத்தில் தடுக்கியது. ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'உண்டு' என்று எழுதினேன். கையெழுத்து, தேதி. கோட்டுக்குக் கீழே 'இல்லை' நன்றாகப் படிக்க முடிகிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.